வார இறுதியில் இருவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணவனும் மனைவியும் வார இறுதியில் சேர்ந்து வெளியே செல்வது, உணவகத்தில் உண்பது, படமோ நாடகமோ இசை நிகழ்ச்சியோ பார்ப்பது ஆகியவை பற்றி வந்திருந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: சனிக்கிழமை மாலை ஆனதும் என் கணவர் "எங்கே போகலாம்?" என்று கேட்பார். "உங்கள் விருப்பம்" என்பேன் நான். "உனக்குப் பிடித்த இடமாகச் சொல்" என்பார் அவர். கடைசியில் யாரோ ஒருவர் ஏதோ ஓர் இடத்தைச் சொல்ல, போய்விட்டு வருகிறோம். திரும்பும்போது இருவர் முகத்திலும் களை இருப்பதில்லை. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தும் ஏன் இப்படி ஆகிறது?

பதில்: விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் கையில் ஒரு விருப்பம் இருக்க வேண்டும். அதை வெளியே சொல்லாமலே நீங்கள் இருவரும் விட்டுக்கொடுத்துவிடுவதால், எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பது இருவருக்குமே தெரியாமல் போகிறது.

மேலாண்மைத் துறைப் பேராசிரியரான ஜெர்ரி ஹார்வி தம் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை 1974-இல் எழுதினார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கோல்மன் என்ற சிற்றூரில், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், வீட்டு வராந்தாவில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தபோது, 53 மைல் தொலைவிலுள்ள அபிலீன் நகருக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாமே என்று அவருடைய மாமனார் சொன்னார். நல்ல யோசனை என்றார் மனைவி, மனத்துக்குள் தயங்கினாலும் சரி என்றார் ஹார்வி, மாமியாரும் இசைந்தார். குளிர்சாதன வசதியில்லாத காரில் வெந்து, புழுதி படிந்து, சுவையற்ற உணவை உண்டு, சோர்ந்து வீடு திரும்பிய பிறகுதான், நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பமே இருந்ததில்லை என்பது வெளியே வந்தது. மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்று எண்ணித்தான் மாமனாரே அதைச் சொல்லியிருக்கிறார். உங்கள் சனிக்கிழமைகளுக்கும் அந்தப் பயணத்துக்கும் தொலைவில்தான் வேறுபாடு.

நான் பரிந்துரைப்பது மிக எளிய ஏற்பாடு. ஒரு வாரம் இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். மறுவாரம் அவர் முடிவு செய்யட்டும். முடிவு செய்பவர் தமக்கு உண்மையாகவே போக ஆசையுள்ள இடத்தைச் சொல்ல வேண்டும். மற்றவருக்குப் பிடிக்கும் என்று ஊகித்துச் சொல்லக் கூடாது. மற்றவருக்கு மறுக்கும் உரிமை ஒரு முறை உண்டு. ஆனால் அதையும் வெள்ளிக்கிழமைக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இருவருடைய விருப்பங்களுக்கும் நடுவில் உள்ள ஒன்றைத் தேடுவதை நான் ஆதரிப்பதில்லை. இசை நிகழ்ச்சிக்குப் போக விரும்பும் ஒருவரும் விளையாட்டுப் போட்டி பார்க்க விரும்பும் ஒருவரும் சமரசமாக ஒரு வணிக வளாகத்தில் சுற்றிவிட்டு வந்தால் இருவரும் தோற்றார்கள் என்றுதான் பொருள். முறை வைத்துப் போனால், இந்த வாரம் ஒருவர் முழுமையாக மகிழ்வார். மற்றவர் அந்த மகிழ்ச்சியை அருகிலிருந்து பார்ப்பார், அடுத்த வாரம் தமக்கு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: படமும் வெளியே சாப்பாடும் ஒரே மாலையில் என்றால், எது முதலில் இருக்க வேண்டும்? இதில் எங்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது.

பதில்: படம் முதலில் இருக்கட்டும். உணவை முன்னால் வைத்தால் கண் கடிகாரத்திலேயே இருக்கும். பரிமாறுபவர் சிறிது தாமதித்தாலும் பதற்றம் வரும். படத்தைப் பின்னால் வைத்தால் அது முடிந்த கையோடு வண்டி நிறுத்துமிடத்து நெரிசலும் தூக்கமும்தான் மிஞ்சும்; பார்த்ததைப் பற்றிப் பேச நேரமே கிடைக்காது.

பேச்சு இதில் சிறிய விஷயமல்ல. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ரோக் தலைமையில், புதிதாக மணம் புரிந்தவர்களும் மணம் நிச்சயிக்கப்பட்டவர்களுமான 174 ஜோடிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. சில ஜோடிகளுக்கு இல்லற உறவு பற்றிய பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. வேறு சில ஜோடிகள், கணவன் மனைவி உறவைச் சித்திரிக்கும் திரைப்படங்களை ஒரு மாதத்தில் ஐந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு தங்களுக்குக் கொடுக்கப்பட்ட கேள்விகளை வைத்துப் பேசிக்கொண்டார்கள். மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எதிலும் சேராத ஜோடிகளில் 24 விழுக்காட்டினர் பிரிந்திருந்தனர். பயிற்சி பெற்றவர்களிலும் படம் பார்த்துப் பேசியவர்களிலும் அது 11 விழுக்காடு அளவிலேயே இருந்தது. இது ஒரே ஓர் ஆய்வு. படத்துக்குப் போனால் மணவாழ்வு நிலைக்கும் என்று இதைக் கொண்டு யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அந்தப் பாத்திரம் செய்தது சரியா, அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று பேசுவதற்கு, படம் முடிந்தவுடன் ஒரு மேசையின் இருபுறமும் உட்காருவதைவிடத் தோதான நேரம் இல்லை. வழக்கில் உணவே முதலில் என்று வாதிட்டவர் நீங்களாக இருந்தால் வருந்துகிறேன்.

கேள்வி: நான் எதையும் ஒழுங்காகச் செய்பவன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு மணிக்குக் கண்காட்சி, ஐந்தே முக்காலுக்குக் காப்பிக்கடை, ஆறரைக்கு நாடகம், ஒன்பது மணிக்கு முன்பதிவு செய்த உணவகம் என்று செல்போனில் குறித்துவைத்துவிடுவேன். "அலுவலகத்தில் இன்னொரு நாள் போல இருக்கிறது" என்கிறாள் மனைவி. திட்டமே இல்லாமல் போனால் எங்கும் இடம் கிடைக்காதே?

பதில்: உங்கள் மனைவியின் கூற்றுக்கு ஆய்வின் துணை இருக்கிறது. கேப்ரியேலா டோனியெட்டோ, செலின் மால்கோச் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஓய்வுநேர மகிழ்ச்சியைக் குறிப்பிட்ட மணிக்கென்று பதிவு செய்துவைத்தால் அது வேலையைப் போலத் தோன்றத் தொடங்கி, இன்பம் குறைகிறது என்று 2016-இல் எழுதினார்கள். தேர்வுக் காலத்தில் மாணவர்களுக்கு இலவசக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்துச் செய்த சோதனையில், இன்ன மணிக்கு வருகிறேன் என்று குறித்துக்கொண்டவர்களைவிட, இரண்டு மணி நேர இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் அந்த இடைவேளையை அதிகம் ரசித்தார்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான செய்தியும் உண்டு. நாளைக் குறிப்பதால் கெடுதல் இல்லை. மணியைக் குறிப்பதில்தான் சிக்கல். ஆகவே, இருக்கை எண்ணோடு டிக்கெட் வாங்கியே தீர வேண்டியது எதுவோ, அந்த ஒன்றை மட்டும் மாலையின் நடுவில் நிறுத்துங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தைப் பெயரிடாமல் விட்டுவிடுங்கள். நாடகம் ஆறரைக்கு என்றால், நான்கு மணிவாக்கில் அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். கண்காட்சி கண்ணை இழுத்தால் நுழையலாம், இழுக்காவிட்டால் தெருவை வேடிக்கை பார்த்தபடி நடக்கலாம். நாடகத்துக்குப் பின் உண்ண, நடந்துபோகும் தூரத்தில் இரண்டு மூன்று இடங்களை மனத்தில் வைத்திருந்தால் போதும். ஓரிடத்தில் கூட்டமாக இருந்தால் அடுத்த இடம். முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாத உணவகமானால், அன்றைக்கு அதையே அந்த ஒரே நிலையான நிகழ்ச்சியாக்கி, நாடகத்தை வேறொரு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான்கு நிகழ்ச்சிகள் என்றால் நான்கு இடங்களுக்கிடையே மூன்று பயணங்கள், மூன்று முறை வண்டி நிறுத்த இடம் தேடல். நகரத்தில் பொழுதின் பெரும்பகுதியை உறிஞ்சுவது அதுதான். உங்கள் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

கேள்வி: உணவு மேசைக்கு வந்தவுடன் என் மனைவி படம் எடுக்கத் தொடங்கிவிடுகிறாள். "நீங்களும்தான் போனை மேசையிலேயே வைத்திருக்கிறீர்கள்" என்று எனக்குப் பதில் சொல்கிறாள். யார் பக்கம் நியாயம்?

பதில்: அவர் பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. படம் எடுப்பதைப் பற்றி கிறிஸ்டின் டீல், கால் சௌபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் ஆகிய மூவரும் செய்த ஆய்வுகள் 2016-இல் வெளிவந்தபோது பலருக்கு வியப்பளித்தன. படம் எடுப்பவர்கள் எதிரே உள்ளதை உற்று நோக்குவதால், பெரும்பாலான சூழல்களில் அவர்களுடைய ரசனை கூடவே செய்தது. ஆனால் அதே மூவர் பின்னர் 2018-இல் காட்டியபடி, சமூக ஊடகத்தில் பகிர்வதற்கென்று எடுக்கும்போது, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை உள்ளே நுழைந்து அந்த இன்பத்தைக் குறைத்துவிடுகிறது. எனவே உங்கள் மனைவி தம் நினைவுக்காக எடுக்கும் ஓரிரு படங்களால் எந்தக் கேடும் இல்லை. எடுத்தவுடன் பதிவேற்றி, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதை மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கச் சொல்லலாம்.

உங்கள் போன் விஷயத்துக்கு வருவோம். அதே 2018-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் டன்னும் உடன் ஆய்வாளர்களும், நண்பர்களோடோ குடும்பத்தாரோடோ வெளியே உண்ண வந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலரிடம் போனை மேசைமீது வைத்திருக்கவும், சிலரிடம் எடுத்து உள்ளே வைத்துவிடவும் சொன்னார்கள். மேசைமீது வைத்திருந்தவர்களுக்குக் கவனச் சிதறல் அதிகமாகவும் மகிழ்ச்சி சற்றுக் குறைவாகவும் இருந்தது. வேறுபாடு மலையளவு அல்ல. ஆனால் போனைப் பைக்குள் வைப்பதற்கு ஆகும் செலவும் ஒன்றுமில்லையே. வீட்டில் குழந்தையையோ முதியவரையோ விட்டுவந்திருப்பவர்கள், அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு மற்றவற்றை அமைதியாக்கிவிடலாம்.

கேள்வி: முழு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட். இடைவேளைக்குள் நாடகம் இருவருக்குமே பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. பணம் வீணாகுமே என்று கடைசிவரை இருந்தோம். எழுந்து வந்திருக்கலாமா?

பதில்: வந்திருக்கலாம். நீங்கள் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பணம் திரும்பவில்லை; மாலையின் மறுபாதியும் சேர்ந்து போனதுதான் மிச்சம். நீங்கள் மட்டும் இப்படிச் செய்பவர்கள் அல்லர். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவ டிக்கெட்டை, அதாவது ஒரு பருவத்தின் நாடகங்கள் அனைத்துக்குமான டிக்கெட்டை, சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். பார்க்கக் கிடைத்தவை ஒரே நாடகங்கள்தான் என்றாலும், பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு மனத்தை அவ்வளவு பிடித்து இழுக்கிறது. ஒருவருக்குப் பிடித்து மற்றவருக்குப் பிடிக்காமல் இருந்தால் மட்டும் பொறுத்திருங்கள். அப்போது அங்கே இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது.

கேள்வி: எங்களுக்கு மணமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு வெளியே போகிறோம். ஆனால் அதே உணவகம், அதே மேசை, அதே உணவு. பேசுவதும் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும்தான். இதைவிட விலை உயர்ந்த இடங்களுக்குப் போனால் மாற்றம் வருமா?

பதில்: விலை உயர்ந்த இடத்துக்குப் போனாலும் அங்கேயும் வீட்டுக் கடனைத்தான் பேசுவீர்கள், இந்த முறை சற்றுக் கூடுதல் வருத்தத்தோடு.

உங்களுக்குத் தேவைப்படுவது புதுமை, அதுவும் இருவருமே சற்றுத் தடுமாறக்கூடிய புதுமை. சமூக உளவியலாளர் ஆர்தர் ஏரன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 53 மணமான ஜோடிகள் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் தங்களுக்கு இதமானவை என்று தாங்களே சொன்ன செயல்களிலும், இன்னொரு பகுதியினர் பரபரப்பூட்டுபவை என்று சொன்ன செயல்களிலும் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் பத்து வாரங்கள் ஈடுபட்டனர். மூன்றாவது பகுதியினருக்குத் தனியாக எதுவும் கொடுக்கப்படவில்லை. பத்து வார முடிவில் மணவாழ்வில் நிறைவு கூடியிருந்தது பரபரப்பான செயல்களைச் செய்தவர்களுக்குத்தான். பின்னர் 2000-இல் வெளிவந்த சோதனைகளில் ஒன்று கேட்கவே வேடிக்கையானது: கணவன் மனைவியின் கைகளையும் கால்களையும் சேர்த்துக் கட்டி, உடற்பயிற்சிக் கூடத்து மெத்தைகளின் மேல் தவழ்ந்தபடி ஒரு தலையணையைக் கையாலோ பல்லாலோ பிடிக்காமல் இருவர் உடலுக்கும் நடுவே ஏந்திச் செல்லச் சொன்னார்கள். சில நிமிடங்களே நடந்த அந்தக் கூத்துக்குப் பிறகு, சாதாரணமான செயலைச் செய்த ஜோடிகளைவிட அவர்கள் தங்கள் உறவைப் பற்றி நிறைவோடு பேசினார்கள்.

நகரத்தில் மெத்தை தேட வேண்டியதில்லை. இருவருக்குமே பழக்கமில்லாத நாட்டின் உணவைப் பரிமாறும் இடம், மொழி தெரியாத படம் திரையிடும் விழா, பார்வையாளர்களை மேடைக்கு அழைக்கும் நகைச்சுவை நிகழ்ச்சி, இரண்டு மணி நேரத்தில் மண்பாண்டமோ நடனமோ கற்றுத்தரும் பயிற்சி வகுப்பு, இரவில் விளக்கோடு அழைத்துச் செல்லும் நடை உலா என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரே நிபந்தனை, இருவரில் யாரும் அதில் வல்லவராக இருக்கக் கூடாது. ஒருவர் கற்றுக்கொடுக்க மற்றவர் கற்றுக்கொண்டால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் படிநிலை அங்கேயும் வந்துவிடும்.

பழைய உணவகத்தைக் கைவிடச் சொல்லவில்லை. பழகிய மேசைக்கும் ஓர் அருமை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கு, ஒரு ஞாயிறு புதியதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கட்டணத்தையும் கடன் தவணையையும் பேச வாரநாள் மாலை ஒன்றில் அரைமணி ஒதுக்கிவிட்டால், உணவு மேசையில் அவற்றுக்கு வேலை இருக்காது.

கேள்வி: எனக்கு வயது அறுபத்து மூன்று. உணவகங்களில் மனைவி பேசுவது காதில் விழுவதே இல்லை. தலையை ஆட்டிச் சமாளிக்கிறேன். அவள் நான் கவனிப்பதில்லை என்று நினைக்கிறாள்.

பதில்: முதல் வேலையாக இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். தலையாட்டல்தான் அவரை அதிகம் வருத்தியிருக்கும்.

ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபல் கணக்கில் சாதாரணமான பேச்சு ஏறத்தாழ 60 அளவில் இருக்கும். கூட்டம் நிறைந்த உணவகம் 80 டெசிபலை எட்டுவது அரிதல்ல. டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு அது இருமடங்கு உரத்துக் கேட்கும் என்பதால், இந்த இடைவெளி எண்ணில் தெரிவதைவிடப் பெரியது. இதோடு, பின்னணிச் சத்தம் உயர உயர மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் விவரித்த இந்த இயல்பு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசையை மிஞ்ச முயல, அறை முழுவதும் சத்தம் ஏறிக்கொண்டே போகும். வயதாகும்போது உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்குவதால், சொற்களைப் பிரித்துக்காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் பல கரைந்துவிடும். குரல் கேட்கும், சொல் புரியாது.

உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மெனுவைப் பார்ப்பதற்கு முன் கூரையையும் தரையையும் பாருங்கள். வெறும் கான்கிரீட், கண்ணாடி, ஓடு பதித்த தரை என்றிருந்தால் ஒலி எதிரொலித்துக்கொண்டே இருக்கும். திரைச்சீலை, மெத்தை தைத்த இருக்கை, விரிப்பு உள்ள அறை அதை உறிஞ்சிக்கொள்ளும். சமையலறைக் கதவுக்கும் ஒலிபெருக்கிக்கும் தொலைவாக, சுவரை ஒட்டிய மேசையாகக் கேளுங்கள். நீங்கள் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் பேச்சு குறையும். எதிரெதிராக அமர்வதைவிட மேசை மூலையில் அடுத்தடுத்த பக்கங்களில் அமர்ந்தால் தூரம் குறையும். கூட்டம் கூடுவதற்கு முன், சற்று முன்னதாகவே போய்விடுவது எல்லாவற்றையும்விடப் பயன் தரும். காது மருத்துவரிடம் ஒரு முறை சோதித்துக்கொள்வதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இருவருமே வேலைக்குப் போகிறோம். பில் வந்தவுடன் யார் கொடுப்பது என்ற சங்கடத்திலேயே மாலையின் முடிவு கசந்துவிடுகிறது.

பதில்: மாதத் தொடக்கத்தில், அவரவர் வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் ஒரு தொகையை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், டிக்கெட், உணவு, போக்குவரத்து, பரிமாறுபவருக்கான அன்பளிப்பு என எல்லாமே அதிலிருந்து போகட்டும். கணக்கின் அட்டையை மாதம் ஒருவர் வைத்துக்கொண்டால், மேசையில் அந்தக் கேள்வியே எழாது. மாத நடுவிலேயே தொகை தீர்ந்துவிட்டால், அதைக் கூட்ட முயலாதீர்கள். மீதமுள்ள வாரங்களில் நூலகங்களும் பூங்காக்களும் நடத்தும் கட்டணமில்லாத நிகழ்ச்சிகளுக்குப் போகலாம். அடுத்த மாதத்துக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதும் அப்போது தானாகத் தெரிந்துவிடும்.